மணிமொழி மிஸ் படிக்கப் போகட்டும்

இந்த அவைக்குத் தலைமை தாங்கும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் பொன்னம்மாள் அம்மா அவர்களே! எங்கள் தலைமையாசிரியர் அருள்முருகன் ஐயா அவர்களே! சட்டையில் சுண்ணாம்புத் தூளோடு சுரங்கத்திலிருந்து நேராக வந்து அமர்ந்திருக்கும் தந்தையரே! பாதிக் களையை வயலில் விட்டுவிட்டு ஓடிவந்த தாய்மாரே! கூட்டத்தின் ஓரத்தில் தலைகுனிந்து நிற்கும் எங்கள் கணக்கு ஆசிரியை மணிமொழி மிஸ் அவர்களே! உங்கள் எல்லோருக்கும் பத்தாம் வகுப்புக் கலைமணியின் பணிவான வணக்கம்.

இதே மேடையில் பேசிப் பரிசு வாங்கியிருக்கிறேன். இன்று பரிசுக்காக வரவில்லை. ஒரு தாளைத் திரும்பக் கேட்டு வந்திருக்கிறேன்.

எந்தத் தாள்? மணிமொழி மிஸ்ஸுக்குத் திருச்சியில் ஓராண்டுப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் மனத்துயரைக் கேட்டு வழிகாட்டும் ஆலோசகராக ஆசிரியர்களை ஆக்கும் முதுநிலைப் பட்டயப் படிப்பு. 'பொதுத்தேர்வு ஆண்டில் கணக்கு ஆசிரியையை அனுப்பக் கூடாது' என்று நீங்கள் ஒரு மனு தயார் செய்தீர்கள். நாற்பத்திரண்டு கையெழுத்து. அதில் ஒன்று என் அப்பா உத்திராபதியுடையது. மனுவை எழுதிய கை யாருடையது? இதோ, இந்தக் கைதான்! "கலைமணி எழுத்து முத்து முத்தா இருக்கும், அவளே எழுதட்டும்" என்றீர்கள். அந்தப் புகழ்ச்சியில் மயங்கி எழுதிவிட்டேன்.

மறுநாள் வகுப்பில் என் பெஞ்சில் அமர்ந்தேன். போன ஆண்டிலிருந்து காலியாகவே கிடக்கும் பக்கத்து இடம் கண்ணில் பட்டது.

அங்கே ஒருத்தி இருந்தாள். பெயர் சொல்ல மாட்டேன். தெரிந்தவர்களும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். நேற்று போனில் அவளிடம் அனுமதி கேட்டேன். "பேரச் சொல்லாம சொல்லுடி" என்றாள். மிஸ்ஸிடமும் கேட்டேன். "என் தப்புதான். மறைக்காம சொல்லும்மா" என்றார். அதனால் சொல்கிறேன்.

போன ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை அவள் மிஸ்ஸிடம் தன் துயரம் ஒன்றைச் சொன்னாள். மிஸ் கேட்டார். கையைப் பிடித்துக்கொண்டார். கூடவே அழுதார். அதற்கு மேல் என்ன செய்வது? அவர் படித்த பாடத்தில் கணக்குக்கு விடை இருந்தது. கண்ணீருக்கு விடை இல்லை. பதறிப்போய் ஆசிரியர் அறையில் இன்னொருவரிடம் யோசனை கேட்டார். நல்ல எண்ணம்தான், தாய்மாரே, நல்ல எண்ணம்தான்! ஆனால் காலையில் ஆசிரியர் அறை. மதியம் சத்துணவுக் கூடம். மாலையில் மினி பஸ். ஒரு பிள்ளையின் அழுகை ஊரின் வெறும் வாய்க்கு அவலானது.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாய்க்கிழமை வரவில்லை. மிஸ் அவள் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். அவள் அம்மா கதவைத் திறக்கவே இல்லை. உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது: "நீங்க பண்ணுன நல்லது போதும் டீச்சர், போயிட்டு வாங்க."

இன்று அவள் பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிறாள். எந்தக் கணக்கையும் எனக்கு முன்னால் முடிக்கிறவள் சேலை மடிக்கிறாள்!

என்ன கொளஞ்சி மாமா? "அந்தப் புள்ள அப்படி என்னதான் சொல்லுச்சு?" என்றா கேட்கிறீர்கள்?

சிரிக்காதீர்கள். மாமா, எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். உங்களைக் குறை சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமை மாலை மினி பஸ்ஸில் இதே கேள்வியை நானும் அவளிடம் கேட்டேன். "எங்கிட்ட மட்டும் சொல்லுடி" என்றேன். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரெட்டிபாளையம் நிறுத்தம் வரும்வரை முகத்தைக் காட்டவில்லை. நாங்கள் கடைசியாகச் சேர்ந்து உட்கார்ந்த இருக்கை அதுதான்.

கேட்பதற்கும் ஒரு படிப்பு இருக்கிறது. கேட்டதைக் காப்பதற்கும் ஒரு படிப்பு இருக்கிறது. எதைத் தன்னோடு வைத்துக்கொள்வது, எதை யாரிடம் கொண்டுபோவது என்று பிரித்தறியவும் படிப்பு இருக்கிறது. லாரி ஓட்ட உரிமம் கேட்கிறோம். பாறைக்கு வெடி வைக்கப் பயிற்சி கேட்கிறோம். பிள்ளையின் மனத்தைத் தொட மட்டும் நல்ல எண்ணம் போதுமா? போதுமா, தந்தையரே?

"அப்ப எம்பொண்ணு கணக்குல ஃபெயிலானா பரவால்லியா?" என்று என் அப்பாவே வீட்டில் கேட்டார். அப்பா, தேர்வு எழுதப் போவது நான்தான். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. தோற்றால் மறுபடி எழுதுவேன். அவள் எழுந்துபோன இடத்தில் யாரை மறுபடி உட்கார வைப்போம்?

நேற்றுப் போனை வைக்கும்முன் கேட்டேன்: "மிஸ் மேல கோவமாடி?" கடைச் சத்தத்துக்கு நடுவே சொன்னாள்: "கோவம்லாம் இல்லடி. மிஸ்ஸு கையப் புடிச்சிட்டு இருந்தாங்கள்ல, அது வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

அது வரைக்கும்! அதற்கு அப்பால் எப்படிப் போவது என்று கற்றுக்கொள்ளத்தான் மிஸ் திருச்சிக்குப் போகிறார். என் தோழி திரும்பி வரமாட்டாள், கேட்டுவிட்டேன். இனி வாய் திறக்கப்போகும் பிள்ளைக்காகக் கேட்கிறேன்.

பொன்னம்மாள் அம்மா, அந்த மனு உங்கள் பையில் இருக்கிறது. நாளை அரியலூர் கல்வி அலுவலகத்துக்குப் போகிறது. என் கையால் எழுதியதை என் கையிலேயே கொடுங்கள். கையெழுத்துப் போட்டவர்களில் சம்மதிப்பவர்கள் கை உயர்த்துங்கள். முதலில் என் அப்பாவின் கையைத்தான் தேடுகிறேன்...

தெரிகிறது அப்பா. நன்றி.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. பெரம்பலூரில் இந்நேரம் சேலை மடித்துக்கொண்டிருப்பவளுக்கும் சேர்த்து, வணக்கம்.