மோட்டாரை எடுக்க இறங்கினவன்

— நான் கேக்கறது ஒண்ணுதான், இஸ்மேனியாக்கா. இன்னைக்கு மேடையில என் பேரைச் சொல்லிடுங்க.

— காலையிலேயே என்ன குடிச்சே, பால்டோமேரோ? ஒன்பது வருஷமா கடற்கரை ஊரெல்லாம் போய்ப் பேசறேன். 'ஒரு மீனவர்'னுதான் சொல்வேன். உன் பேரு ஒரு தடவைகூட வாயில வந்ததில்ல.

— அதாவது, அதான் உறுத்துது.

— உறுத்தட்டும். இந்தப் பள்ளிக்கூடத்துல முன்னூறு பேர் உக்காந்திருக்காங்க, எல்லாம் கடல் தொழில்காரங்க. போன வருஷம் சுனாமி ஒத்திகையில பாதிப் பேர் நடுவுலயே மேட்டை விட்டு இறங்கிட்டாங்களாம். அவங்களை இறங்காம வைக்கத்தான் வந்திருக்கேன். உன்னை நிக்க வெச்சு வேடிக்கை காட்ட இல்ல.

— கதையைக் கேட்டு சிரிக்கறாங்களாமே.

— சிரிப்பாங்க. 'முதல் அலை போச்சு, கடல் குளமாட்டம் கெடக்கு, இனி என்ன ஆகப்போகுதுன்னு படகு மோட்டாரைக் கழட்ட இறங்கினான்'னு சொன்னதும் பக்கத்துல இருக்கறவனை இடிச்சுப்பாங்க. அவங்களும் அதைத்தானே செஞ்சிருப்பாங்க.

— தினம் சாயங்காலம் மோட்டாரைத் தோள்ல தூக்கிட்டு வீட்டுக்குப் போறவன் நான். அன்னைக்கு சான் பெத்ரோ திருநாள். காகிதப்பூ கட்டின படகுல சாமியை ஏத்திக் கடல்ல சுத்திட்டு, மோட்டாரை அப்படியே விட்டுட்டு சாப்பிடப் போயிட்டேன்.

— ஊரே விட்டுச்சு.

— இறங்கினது நான் ஒருத்தன்தானே, அக்கா.

— இதெல்லாம் இப்ப எதுக்கு?

— போன மாசம் ஒரு சாக்கு மட்டிச் சிப்பி கொண்டு வந்து குடுத்தேனே. அது கில்காவே ஊர்லேர்ந்து ஒரு அம்மா கொண்டு வந்தது. உங்க வீடுன்னு நெனைச்சு என் கதவைத் தட்டிட்டாங்க. சமீபத்துல அங்க நிலம் ஆடினப்ப, உங்க பேச்சைக் கேட்டிருந்த அவங்க ரெண்டு மகனும் மேட்டுலயே உக்காந்திருந்தாங்களாம், அந்த மோட்டார்க்காரன் மாதிரி ஆயிடக் கூடாதுன்னு. ரெண்டாவது அலை வந்து கரையையே துடைச்சுட்டுப் போச்சாம்.

— யாரோ குடுத்தாங்கன்னு மட்டும்தானே சொன்னே, படுபாவி.

— வாய் வரலக்கா. என் கையைப் பிடிச்சுட்டு அழுதாங்க. அது யார் கைன்னு அவங்களுக்குத் தெரியாது.

— தெரிஞ்சாலும் பிடிச்சிருப்பாங்க.

— அதாவது, உங்களுக்கு நன்றி சொல்லணும். ஊர்ல ஒருத்தன் என்னை ஒரு வார்த்தை கேக்கல. நீங்க கேக்க விடல. என் மகளோட ஞானஸ்நானத்துல ஞானத்தாயா வந்து நின்னீங்க. வேற யாராயிருந்தாலும் என் முகத்துல முழிச்சிருக்க மாட்டாங்க.

— என் கூரைக்குத் தகரம் போட்டது யாரு? தினம் வாசல்ல மீன் வெச்சது யாரு? நான் நன்றி சொல்ல ஆரம்பிச்சா விடிஞ்சிடும். விடு.

— பேரைச் சொல்வீங்கல்ல?

— பேரைச் சொன்னா கதையை முழுசா சொல்லணும். மோட்டார் போச்சு, ஆள் கோயில் கதவைப் பிடிச்சுட்டு மிதந்து பிழைச்சான்னு முடிச்சுடறேன். அது பாதிக் கதை. மீதியைச் சொல்லப் போனா எனக்குக் குரலே வராது.

— பாதியைக் கேட்டா சிரிச்சுட்டு மறந்துடுவாங்க. மீதியைக் கேட்டா ஒருத்தனும் இறங்க மாட்டான். நான் சொல்றேன்.

— நீயா? உன் கல்யாணத்துல பாதிரியார் உன் பேரைக் கேட்டதுக்கே மூணு தடவை தண்ணி குடிச்சவன்.

— இஸ்மேனியா அம்மா, எல்லாரும் காத்திருக்காங்க. இவர் உங்ககூட பேச வந்தவரா?

— ஆமா டீச்சர். இன்னைக்கு முதல்ல இவர்தான் பேசுவார். இந்தா பால்டோ, மைக்கை வாய்கிட்ட வெச்சுக்க. கூட்டத்தைப் பாக்காதே, என்னைப் பாத்துப் பேசு.

— எல்லாருக்கும் வணக்கம். அதாவது, ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி, முதல் அலை போனதும் மேட்டுலேர்ந்து மோட்டாரை எடுக்க இறங்கினவன் நான். பேரு பால்டோமேரோ. போகாதேன்னு கத்திக்கிட்டே என் பின்னாலயே ஓடி வந்தவர் பேரு அனிசேத்தோ. அவர் திரும்பி வரல. அவரு, இப்ப என் கையில மைக்கைக் குடுத்தாங்களே, இந்த அக்காவோட புருஷன்.