கர்னல் பாலசுப்ரமணியன் கையெழுத்திட மறுத்த ஐந்து பெயர்கள்

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் நம் சங்கத் தலைவர் வெங்கடநாராயணன் அவர்களே, எங்கள் ரிசர்வ் படைப்பிரிவின் கமாண்டர் கர்னல் குருமூர்த்தி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பாகீரதி மன்னி அவர்களே, காளிகாட்டிலிருந்தும் கரியாஹாட்டிலிருந்தும் இந்தப் புழுக்கத்தில் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்!

நான் மேஜர் சுந்தரேசன். இந்த ஜனவரியில் ஓய்வு பெற்றவன். நாம் இன்று அஞ்சலி செலுத்தும் லெப்டினன்ட் கர்னல் பாலசுப்ரமணியன் அவர்களிடம் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவன். ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கூடுதலாகும். யாரும் துண்டுச்சீட்டு அனுப்பாதீர்கள், நான் படிக்கப் போவதில்லை.

எங்கள் பாலு சார் செய்த வேலை இங்கே பலருக்குத் தெரியாது. வாரம் முழுக்க பாங்கிலோ ரயில்வேயிலோ உத்தியோகம் பார்த்துவிட்டு, அழைப்பு வந்தால் சீருடை போட்டுக்கொண்டு ஓடுகிறவர்கள் ரிசர்வ் அதிகாரிகள். அவர்களுக்கு என்ன பயிற்சி, எந்த வருஷம் எந்த கோர்ஸ், யாருக்குப் பதவி உயர்வு, யாருக்கு இன்னும் இல்லை என்பதையெல்லாம் பார்த்தவர் அவர். ஒவ்வொருவனுக்கும் ஐந்து வருஷத்துக்குத் திட்டம் எழுதிச் சுவரில் ஒட்டியிருப்பார். பெற்ற தகப்பன்கூட அப்படி எழுதுவானா? நான் எழுதவில்லை!

வருஷா வருஷம் நடக்கும் முப்பது நாள் பயிற்சி முகாமுக்கு லீவு தராத மேலாளர்களை அவர் விட்டதே கிடையாது. கரியாஹாட்டில் ஒரு பாங்க் மேலாளர். அவர் அறை வாசலில் பாலு சார் டிபன் டப்பாவோடு காலை பத்து மணிக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். "என்ன சார் இது, சத்தியாகிரகமா?" என்று கேட்டேன். "இல்லேடா, மத்தியானச் சாப்பாடு. அந்தப் பையனுக்கு முப்பது நாள் லீவு கெடைக்கறவரைக்கும் எனக்கு இங்கேதான் சாப்பாடு" என்றார். மூன்றாம் நாள் லீவு கிடைத்தது.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு? சொல்கிறேன். இதை அவர் தம் மனைவி, நம் மன்னியிடம்கூட முழுக்கச் சொன்னதில்லை.

அவர் கேப்டனாக இருந்தபோது ஒரு புயலுக்குப் பிறகு சுந்தரவனத்துக்குப் போனோம். அதற்கு முந்தைய இரண்டு வருஷம் அவர் முகாமுக்கு வரவில்லை. ஆபீசில் விடவில்லை, யாரோ பெரிய மனசு பண்ணி வந்ததாக எழுதிவிட்டார்கள். கடல்நீர் ஏறி நிற்கிற ஜோவார் நேரத்தில் படகைத் துறைக் கம்பத்தில் கட்டச் சொன்னார். கயிற்றை நன்றாக இழுத்து, இறுக்கிக் கட்டச் சொன்னார். அங்கே தண்ணீர் ஆறு மணி நேரத்தில் இரண்டு ஆள் உயரம் இறங்கும் என்பதை முகாமுக்கு வந்தவன் முதல் நாளே கற்றிருப்பான். தண்ணீர் இறங்கிற்று. கயிறு இறங்கவில்லை. நிறைய அரிசி மூட்டையோடு படகு ஒரு பக்கமாகத் தொங்கிக் கவிழ்ந்தது. உள்ளே ஐந்து ஜவான்கள். மூன்று பேரைத்தான் நாங்கள் உயிரோடு இழுத்தோம். பட்டப்பகல், கரையிலிருந்து பத்தடி!

விசாரணையில் 'இயற்கைச் சீற்றம்' என்று எழுதினார்கள். அன்றிலிருந்து வராத நாளுக்கு அவர் கையெழுத்துப் போட்டதே இல்லை. மந்திரியின் சிபாரிசு வந்தது, போடவில்லை. சொந்த மச்சினனுக்கும் போடவில்லை. "தலைக்கனம் பிடித்த மனுஷன்" என்று நாமெல்லாம் பேசினோம். நானும்தான் பேசினேன்.

சபையோரே, இப்போது என் கதைக்கு வருகிறேன். போன வருஷம் அவருக்கு இருதய ஆபரேஷன். இரண்டு மாதம் அவர் நாற்காலியில் நான். அவர் கையெழுத்திட மறுத்திருந்த ஐந்து பேரின் பதவி உயர்வுக் காகிதம் என் மேஜைக்கு வந்தது. ஐந்து பேருக்கும் முகாம் நாள் போதவில்லை. "ஒரு கையெழுத்துதானே மாமா, கொழந்தை எத்தனை வருஷமா காத்துண்டிருக்கான்!" என்று வீட்டுக்கே வந்து கேட்டவர்கள் இந்த ஹாலில் இருக்கிறார்கள். தலையைக் குனியாதீர்கள், உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஐந்தில் ஒருவன் என் மகன்.

நான் என்ன செய்தேன்? துர்கா பூஜைக்கு சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் கூட்டத்தை ஒழுங்கு பண்ண எங்கள் ஆட்கள் நிற்பார்கள் அல்லவா? அந்த ஐந்து நாளையும் ஞாயிற்றுக்கிழமை அணிவகுப்புகளையும் சேர்த்துக் கூட்டி, 'முகாம், முப்பது நாள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் மகன் சந்தீப் மேஜரானான். நூற்றிருபது ஜவான்கள் கொண்ட ஒரு கம்பெனிக்குத் தலைவன். வீட்டில் பாயசம் வைத்தோம், ஐயா! பிளாட்பாரத்தில் ஜனங்கள் தள்ளாமலிருக்கக் கயிறு கட்டுவான் என் பிள்ளை. இழுத்து இறுக்கித்தான் கட்டுவான். அவனுக்குத் தெரிந்த கயிறு அது ஒன்றுதான்.

பாலு சார் திரும்பி வந்து பார்த்தார். ஆட்சேபம் எழுதி மேலே அனுப்பினார். பதில் வரவில்லை. இறப்பதற்கு முந்தின நாள், ஆபரேஷன் பண்ணின உடம்போடு மூன்று மாடி ஏறி என் வீட்டுக்கு வந்தார். மூச்சு வாங்கிற்று. உட்காரக்கூட இல்லை.

"சுந்தரேசா, மே மாசம் வந்துடுத்து. காத்து வராம இருக்காது. அந்த அஞ்சு பேரை லிஸ்ட்லேர்ந்து எடுத்துடு."

"நீங்கதான் எழுதியாச்சே சார், அப்பறம் என்ன?"

"நான் எழுதினா பொறாமைங்கறா. போட்டவன் நீ. நீ எடுத்தாத்தான் எடுபடும்."

"பார்க்கலாம் சார், இப்போ என்ன அவசரம்? காபி சாப்பிடுங்கோ" என்றேன் நான். காபி சாப்பிடவில்லை. மறுநாள் காலை போய்விட்டார். பாவி நான், அவரை அந்த மாடிப்படி ஏற வைத்தேனே!

நேற்று அவருக்குப் பதின்மூன்றாம் நாள். நேற்று மத்தியானமே அழைப்பும் வந்துவிட்டது. வங்கக் கடலில் சுழல் உருவாகிவிட்டது என்று எல்லா டி.வி.யிலும் சொல்கிறான். திங்கட்கிழமை காலை எங்கள் லாரிகள் சுந்தரவனத்துக்குக் கிளம்புகின்றன. செவ்வாய்க்கிழமை அமாவாசை. அன்றைக்கு அங்கே தண்ணீர் எவ்வளவு ஏறும், எவ்வளவு இறங்கும் என்று எனக்குத் தெரியும். பாலு சாருக்குத் தெரியும். கம்பெனிகளை நடத்திக்கொண்டு போகும் அந்த ஐந்து பேருக்கும் தெரியாது. இந்த ஹாலின் ஜன்னலைப் பாருங்கள், ஓர் இலை அசைகிறதா? அந்தப் படகு கவிழ்ந்ததற்கு முந்தின வாரமும் இப்படித்தான் இருந்தது.

என்ன சந்தீப், எதற்கு எழுந்திருக்கிறாய்?

"அப்பா, செடே தாவ்! எல்லாரும் பாக்கறா. வீட்ல போய்ப் பேசிக்கலாம், ப்ளீஸ்!"

விட்டுவிடு என்கிறான். வீட்டில் ஒரு வருஷமாகப் பேசாததை இன்றைக்கா பேசப் போகிறோம்? உட்காரப்பா. உன் மேல் தப்பில்லை. நீ லீவு கேட்டாய், கிடைக்கவில்லை. அப்பன் குறுக்கு வழி காட்டினேன்.

சபையோரே, இரங்கல் கூட்டம் என்றால் முடிவில் ஓர் உறுதிமொழி உண்டு. 'அன்னார் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம்' என்போம், டீ குடித்துவிட்டுக் கலைவோம். அவர் விட்டுச் சென்ற பணி எது? முடியாது என்று சொல்வதுதான் அவர் பணி! அதைத் தொடர்கிறேன். சந்தீப், நீ திங்கட்கிழமை அந்தக் கம்பெனிக்குத் தலைவனாகப் போக முடியாது. மற்ற நாலு பேரும் போக முடியாது. நான் எழுதிய முகாம் நாட்கள் பொய் என்று ஐந்து பெயரையும் போட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன். முதல் பெயர் என் மகன் பெயர். எனக்கு என்ன தண்டனையோ, வரட்டும்.

கமாண்டர் சார், இதோ கடிதம். பெற்றுக்கொள்ளுங்கள்.

சார்?

புரிகிறது. படைப்பிரிவு முழுத் தயார் என்று நேற்றே மேலே எழுதி அனுப்பிவிட்டீர்கள். இதை வாங்கினால் அது பொய்யாகிவிடும். வாங்காவிட்டால்? கம்பெனிக்கு நூற்றிருபது பேர், சார். எழுத்தை மாற்றி எழுதலாம். ஆளைத் திரும்ப எழுத முடியாது.

கையை நீட்டுங்கள், சார்.

சரி. நீங்கள் யோசியுங்கள். நான் இந்த மேடையை விட்டு இறங்கப் போவதில்லை. வெங்கடநாராயணன், மைக்கை அணைக்க வேண்டாம். இன்று சனிக்கிழமை, லாரி கிளம்ப இன்னும் முப்பத்தாறு மணி நேரம் இருக்கிறது. அதுவரைக்கும் நான் இப்படியே கடிதத்தை நீட்டிக்கொண்டு நிற்பேன்.