அசையாதவரிடம் பேசச் சொன்ன அன்புத் தமக்கைக்கு

அவசர சிகிச்சைப் பிரிவின் அச்சாணியே, பதற்றம் நிறைந்த வாசலில் பதறாத குரலே, தலைமைச் செவிலியராய் நின்று எங்களுக்குத் தமக்கையாய் விளங்கிய அம்மையீர், வணக்கம்!

தங்கள் சிறப்புகளையெல்லாம் சொல்லப் புகுந்தால் இந்தப் பணிநிறைவு விழா அரங்கின் நாற்காலிகளே சோர்ந்துபோகும். ஆகவே ஒரு பகற்பொழுதை மட்டும் சொல்கிறோம்.

துறைமுகப் பட்டறை வெல்டர் ஒருவரை அவர் மனைவி தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார். கால் தள்ளாடியது, நாக்குக் குழறியது. குடித்திருக்கிறார் என்று வாசலில் நின்றோர் ஒதுங்க, தாங்கள் அருகே சென்றீர்கள். மது வாடையே இல்லை. உதடு மரத்திருக்கிறதா, என்ன உண்டார் என்று வினவினீர்கள். பாறையிலிருந்து அவரே பறித்து வந்த சிப்பி என்றார் மனைவி. தமக்குப் பிடிக்காததால் தொடவில்லை என்றார். கடலில் மிதக்கும், கண்ணுக்குத் தெரியாத நச்சுப்பாசியை உண்டு சிப்பி தன்னுள் சேர்த்துவைத்த நஞ்சு அது என்று மருத்துவர் கண்டுகொண்டார். மாற்று மருந்து கிடையாது. நஞ்சு தானே வடியும்வரை மூச்சைக் காப்பதே வழி.

சற்று நேரத்தில் மூச்சு நின்றது. நம்மிடமிருந்த சுவாசக் கருவியோ வேறொருவருக்கு ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்று வந்து சேரும்வரை, மருத்துவர் தொண்டைக்குள் செருகிய குழாயில் மாட்டிய காற்றுப்பையைத் தாங்களும் நாங்களும் கைமாற்றிக் கைமாற்றி அமுக்கினோம்.

இமைகூட அசையாத கணவரைக் கண்டு, "நான்தானே வேகவெச்சுக் குடுத்தேன். புள்ளைங்களை வரச் சொல்லவா? கடைசியா ஒரு தடவை பாத்துக்கட்டும்" என்று தேம்பினார் மனைவி.

தங்கள் குரல் உயரவில்லை. "வேகவெச்சாலும் இந்த விஷம் போகாதும்மா. உங்க மேல தப்பில்ல. அவருக்கு உடம்புதான் அசையல, காது கேக்குது. வழியனுப்புற மாதிரி பேசாதீங்க. வீட்டுல பேசுறதையே பேசுங்க."

என்ன பேசுவதென்று தெரியாமல், வீட்டில் ஒழுகும் தண்ணீர்க் குழாயில் தொடங்கினார் அவர். மகளின் கணக்கு மதிப்பெண்ணுக்குத் தாவி, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துத் திரும்பாத ஏணிக்கு வந்ததும், கணவரை வழக்கம்போல் திட்டவே ஆரம்பித்துவிட்டார். பையை அமுக்கிக்கொண்டிருந்த எங்களுக்கே சிரிப்பு வந்தது. தாங்கள் மட்டும் சிரிக்காமல், "நிறுத்தாதீங்க" என்றீர்கள்.

மறுநாள் விரல் அசைந்தது. தொண்டைக் குழாயை எடுத்தபின், கரகரத்த குரலில் வெல்டர் தங்களிடம் சொன்னார்: "எல்லாம் கேட்டுச்சு சிஸ்டர். கடைசியான்னு அவ சொன்னப்ப நானும் நம்பிட்டேன். அப்புறம் திட்ட ஆரம்பிச்சா. சரி, பொழச்சுக்குவோம்னு தோணுச்சு."

பேச்சற்றுக் கிடப்பவரின் கட்டிலருகே எதைப் பேசலாம், எதைப் பேசலாகாது என்பதை அன்று முதல் நாங்கள் மறந்ததில்லை.

அம்மையீர்! அழைப்பு மணி கலைக்காத உறக்கமும், ஆறிப்போகுமுன் அருந்தும் தேநீரும், வாயாரப் பேசி மகிழும் சுற்றமும் வாய்க்க, நலம் குன்றாது நெடுங்காலம் வாழ்க!

தங்கள் குரல் கேட்டு வளர்ந்த,
அவசர சிகிச்சைப் பிரிவுப் பணியாளர்கள்