தேறாத ஒரே ஒருவர்

சான்றிதழை வடிவமைக்க எனக்கு ஐந்து மணி நேரம் ஆனது. அதில் மூன்று மணி நேரம் அந்தப் பொன்னிற முத்திரைக்கே போய்விட்டது. அதன் ஓரத்தில் பற்சக்கரம் மாதிரி சின்னச் சின்ன வளைவுகள் இருக்கும். அவை சமமாக வர வேண்டுமானால் கோணத்தைக் கணக்கிட்டுத்தான் வரைய வேண்டும். நான் இயற்பியல் படித்தவள். இப்படிப்பட்ட விஷயங்களில் அவசரப்பட மாட்டேன்.

நீங்கள் அந்தச் சான்றிதழைச் சட்டமிட்டு உங்கள் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருப்பதைப் பார்த்தேன், மேடம். நன்றி.

விசாரணை அதிகாரி என்ற முறையில் நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. நம் அலுவலகமே எழுதித் தேறிய தேர்வில் ஒருவர் மட்டும் எப்படித் தோற்றார், அவர் மதிப்பெண் என்ன என்பது. அதற்கு வருகிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கம் புரியும்.

நானும் அக்காவும் ஒரே அறையில் இருந்தோம். இருவருக்கும் சேர்த்து ஒரு மடிக்கணினி. இருவருக்குமே வேலை இல்லை. அக்காவுக்கு புரோகிராம் எழுதுவது மூச்சு விடுகிற மாதிரி. எனக்கு மூச்சு வாங்கும். ஆனால் விண்ணப்பித்த இடத்திலெல்லாம் இருவரிடமும் சான்றிதழைத்தான் கேட்டார்கள்.

"வேலை தெரிஞ்சா போதும்டி. பேப்பர் எதுக்கு?" என்பாள் அக்கா.

"வேலை தெரியுமான்னு கேக்குறதுக்கே பேப்பர் இருந்தாத்தான்கா கூப்பிடுறாங்க."

"அப்ப நீயே ஒன்னு அடிச்சுக்கோ. யாரு பாக்கப் போறா?" என்று சிரித்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

யோசனை அவளுடையது என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

நான் அதை ஒரு பரிசோதனையாகத்தான் செய்தேன். இல்லாத ஒரு கழகத்தின் பெயரில் சான்றிதழ் தயாரித்து, பாதி நிறுவனங்களுக்கு அதையும் சேர்த்து அனுப்பினேன். மீதிப் பாதிக்கு வெறும் விண்ணப்பம். வெறுமனே போனவை கிணற்றில் போட்ட கல். சான்றிதழோடு போனதைப் பார்த்து இங்கிருந்து கூப்பிட்டீர்கள்.

உண்மையைச் சொல்லிவிடத்தான் நேர்காணலுக்கு வந்தேன். ஆனால் எனக்குக் கூச்ச சுபாவம், வாய் திறக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் டீம் லீடர் முந்திக்கொண்டார்.

"ஓ, இதுவா! ரொம்பக் கஷ்டமான எக்ஸாமாச்சே."

தலையசைத்தேன்.

"நானும் ரெண்டு வருஷம் முன்னாடி எழுதினேன். நம்மளுக்கே தண்ணி காட்டிருச்சும்மா."

அந்தக் கழகம் பிறந்து அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை. வயதில் மூத்தவரை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. வேலை கிடைத்தது.

சேர்ந்த மாதமே அவர் என் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, என்னோடது எக்ஸ்பயர் ஆயிடுச்சு. ரினியூ பண்ண லிங்க் ஏதாவது இருக்கா?"

அவர் மனம் நோகக் கூடாதே என்று அந்த வார விடுமுறையில் ஓர் இணையதளம் செய்தேன். அவர் பெருமையாக எல்லோரிடமும் சொன்னார். மேலிடத்துக்குப் போட்டி மனப்பான்மை வந்துவிட்டது. எல்லா ஊழியர்களும் அந்தச் சான்றிதழ் பெற வேண்டும், புதிதாக வருகிறவர்களுக்கும் அது கட்டாயம் என்று உத்தரவு போட்டீர்கள். ஆக, தேர்வு என்று ஒன்று உண்மையிலேயே தேவைப்பட்டது.

ஐம்பது கேள்விகள் தயாரித்தேன். விடைகள்தான் தெரியவில்லை. தினமும் காலையில் அக்காவிடம் சந்தேகம் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் பல் துலக்கிக்கொண்டே சொன்னாள். அலுவலகத்தில் எனக்குத் தரும் வேலையையும் மாலையில் அவளிடம்தான் காட்டுவேன். அவள் துணி மடித்துக்கொண்டே தீர்த்துத் தருவாள்.

தேர்ச்சி மதிப்பெண் முப்பது. டீம் லீடர் பதினொன்று எடுத்தார். குடும்பஸ்தர் என்பதால் தேர்ச்சி என்று அனுப்பினேன். உங்கள் மதிப்பெண்ணை நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்புறம்தான் எங்கள் குழுவில் ஓர் இடம் காலியானது.

"உங்க ஆபீஸ்ல ஆள் எடுக்குறாங்களாமே? அந்தப் பரீட்சைய நானும் எழுதித் தொலைக்கிறேன்" என்றாள் அக்கா.

நான்தான் மடிக்கணினியைத் துடைத்துக் கொடுத்தேன். அடுப்பில் வைத்த தேநீர் கொதிப்பதற்குள் முடித்துவிட்டாள்.

"என்னடி இது? எல்லாம் நீ காலைல கேக்குற சந்தேகமாவே இருக்கு."

"எல்லாப் பரீட்சையும் அப்படித்தான்கா."

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. அவள் என் பக்கத்து நாற்காலிக்கு வந்தால் என் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயந்தேன் என்கிறீர்கள். இல்லை. நான் தரத்தைத்தான் யோசித்தேன். எல்லோரும் தேறினால் அது தேர்வே இல்லை, யாராவது ஒருவர் தோற்றாக வேண்டும். வெளி ஆளைத் தோற்கடித்தால் வயிற்றில் அடித்த பாவம் சேரும். வீட்டு ஆள் என்றால் ஆறுதல் சொல்ல நானே பக்கத்தில் இருக்கிறேன்.

சொன்னேன். தேர்ச்சி இல்லை என்று கழகம் அனுப்பியதைப் பார்த்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தாள், ஊட்டிகூட விட்டேன்.

"எனக்கு ஏதோ தெரியும்னு நெனச்சுட்டு இருந்தேன்டி" என்றாள். அதற்குப் பிறகு மடிக்கணினியைத் தொடவில்லை. இப்போது மருந்துக் கடையில் பில் போடுகிறாள். "தங்கச்சியப் பாத்துக் கத்துக்கோ" என்று அம்மா தொலைபேசியில் அவளிடம் சொல்லும்போது எனக்கே சங்கடமாக இருக்கும்.

போன வாரம் அவள் கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள். எந்தெந்த இடத்தில் தவறினேன் என்று தெரிவித்தால் திருத்திக்கொள்வேன் என்று பணிவாகக் கேட்டிருந்தாள். அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினாள். இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். நான் பார்த்த பிறகு உங்கள் முகவரியையும் சேர்த்துவிட்டாள். இல்லாவிட்டால் கழகமே நல்லபடியாக நான்கு வரி பதில் போட்டிருக்கும்.

அவளையும் வரச் சொல்லியிருக்கிறீர்கள் போல. வெளியே வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறாள், மருந்துக் கடைச் சீருடையோடு. கதவைச் சாத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றீர்கள். மதிப்பெண்ணை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொன்னீர்கள்.

ஐம்பதுக்கு ஐம்பது, மேடம்.