சீசனுக்கு விட்ட வீடு

"ஹலோ... ஹலோ... கிறிஸ்டியா? கேக்குதா? ... இரு, இங்கன காத்து பேயா அடிக்கி. ... ஆமா, ஆமா, நான்தான் பேசுதேன், என் போன்ல வேற எவ பேசுவா? ... இப்ப கேக்குதா? ... நீ இரு, நான் முதல்ல சொல்லிருதேன். ஏட்டி, சீட்டு போயிட்டு. ... ஆதினிக்குத்தான். பேரை எடுத்துட்டாவ."

கல்யாணசுந்தரி குற்றாலத்தில் தன் சொந்த வீட்டு வாசலில் ஜன்னல் சன்ஷேடுக்குக் கீழே சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். சாரல் சாய்வாக வந்து சேலையின் முன்பக்கத்தை நனைத்துக்கொண்டிருந்தது. கதவில் பூட்டு தொங்கியது. சாவி அவளிடம் இல்லை. சீசனுக்கு வந்த சாத்தூர்க்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருந்தார்கள்.

அந்தத் தெருவில் பாதி வீடு அப்படித்தான். சாரல் விழுந்ததும் வீட்டுக்காரர்கள் பாய் தலையணையைச் சுருட்டிக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்புவார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து அடுப்பைப் பற்றவைப்பார்கள். சுந்தரியும் அவள் கணவன் விஜயசங்கரும் மகள் ஆதினியோடு வழக்கம்போல இலஞ்சியில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார்கள். இத்தனை வருஷமாக அதில் ஒரு கஷ்டமும் வந்ததில்லை. இந்த வருஷம் வந்தது.

"எப்படியா? கேளு, சிரிப்ப. ... இல்ல, சிரி, ஊரே சிரிக்கப்போவுது, நீயும் சிரி. முந்தாநேத்து பள்ளிக்கூடத்து கிளார்க்கு வீடு பாக்க வந்திருக்காரு. ... ஆமா, சொல்லாமக் கொள்ளாமத்தான் வருவாவளாம். போன வருஷம் பொய் அட்ரஸ் நிறைய வந்துட்டாம், அதனால இந்த வருஷம் நேர்ல வந்து பாக்காவளாம். ... ஆமா. ... ஆமா, ஆமா. கதவைத் தட்டியிருக்காரு. திறந்தது யாரு? அந்தச் சாத்தூர் பெரியவரு. ஆதினின்னு ஒரு பிள்ளை இங்கன இருக்கான்னு கேட்டதுக்கு, அப்படி யாரும் இல்ல, இது எங்க சொந்த வீடுன்னுட்டாரு!"

பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் பிள்ளைகளுக்கு எல்.கே.ஜி.யில் இலவசமாகச் சில இடங்கள் உண்டு. குலுக்கலில் ஆதினியின் பெயர் விழுந்தபோது சுந்தரி தெரு முழுக்க லட்டு கொடுத்திருந்தாள். அவள் வீட்டிலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடத்து மாடி தெரியும். மணியடித்தால் அடுக்களைக்குக் கேட்கும்.

"ஏன் அப்படிச் சொன்னாரா? ... ஏட்டி, நான்தான் சொல்லிக்கொடுத்தேன்! ... நானேதான். பேரூராட்சியில இருந்து யாராவது வந்து கேட்டா, வாடகைக்கு வந்திருக்கோம்னு வாயத் திறந்துராதீங்க, வரி போட்டுருவாவ, சொந்த வீடுன்னு சொல்லுங்க, வேற யாரும் இங்கன இல்லன்னு சொல்லுங்கன்னேன். ஒரு தடவை சொன்னாப் போதாதுன்னு, இலஞ்சியில இருந்து பஸ் ஏறி வந்து ரெண்டாந்தடவையும் சொல்லிட்டுப் போனேன். மனுஷன் பரீட்சைக்குப் படிச்ச பிள்ளை மாதிரி அப்படியே ஒப்பிச்சிட்டாரு. ... என்ன? ... சிரிக்கலையா? சிரிக்காம ஏன் ஒரு மாதிரி இருக்க? ... சரி, சரி. இரு, நான் முடிச்சிருதேன்."

கிறிஸ்டி மூன்றாவது தடவையாக எதையோ சொல்ல வாயெடுத்தாள். சுந்தரி விடவில்லை. காலையிலிருந்து நெஞ்சில் கிடந்ததைக் கொட்டுவதற்கு ஒரு காது வேண்டும், அவ்வளவுதான். அதற்கு வாயும் இருக்கிறது என்பதைக் கேட்கும் நிலையில் அவள் இல்லை.

"காலையில பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஆதார் கார்டு, கரண்ட் பில்லு, ரேஷன் கார்டு எல்லாத்தையும் அந்த ஹெச்செம் மேடம் மேசையில பரத்தி வச்சேன். ... கையால அப்படியே தள்ளி வச்சிட்டாவ. இதெல்லாம் எல்லாருந்தான் கொண்டு வாராவ, நாங்க பாக்குதது பிள்ளை அந்த வீட்டுல இருக்கான்னுதான்னாவ. ... ஆமா, நானும் உண்மையத்தான் சொன்னேன். சீசனுக்கு விட்டிருக்கோம் மேடம், எங்க வீடுதான் மேடம்னேன். சரிம்மா, இப்ப எங்க இருக்கீங்கன்னு கேட்டாவ. இலஞ்சின்னு சொல்லித் தொலைச்சிட்டேன். ... பின்ன? இலஞ்சி அந்த ஒரு கிலோமீட்டருக்குள்ளயா இருக்கு? நானே என் தலையில மண்ணள்ளிப் போட்டுக்கிட்டேன். முடிஞ்சுபோச்சு, அடுத்த பேருக்குப் போயாச்சுன்னு எந்திரிச்சுட்டாவ."

ஒரு குரங்கு சன்ஷேடின் மேல் குதித்தது. தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமாக அவள் தோளில் கொட்டியது.

"சீ, சவம்! ... உன்னைச் சொல்லல, குரங்கு. ... நனைஞ்சாச்சு, விடு, இதுக்கு மேல என்ன இருக்கு நனைய? ... ஆதினி அப்பாவா? அவுக என்ன சொல்லுவாவ! விடு சுந்தரி, அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்னு சொல்லிட்டு மங்குஸ்தான் விக்கப் போயிட்டாவ. அடுத்த வருஷம் எல்.கே.ஜி.யா ஆதினிக்கு? வயசு நிக்குமா அவுகளுக்காக? ... எங்க அத்தையா? அவுக ஒரு வார்த்தை பேசலையே! அதுதான் தாங்க முடியல. ஏசினாலும் பரவாயில்ல, பதிலுக்கு நானும் ஏசிருவேன். பேசாம ஒரு தட்டுல தோசை வச்சுக் கொடுத்தாவ. ... ஆமா. ... ஆமா, அழுதேன். தோசையத் தின்னுக்கிட்டே அழுதேன்."

சுந்தரியின் குரல் இங்கே கொஞ்சம் உடைந்தது. உடனே அதைக் கோபமாக மாற்றிக்கொண்டாள். அது அவளுக்குக் கைவந்த கலை.

"குரூப்ல எப்படி மூஞ்சி காட்டுவேன், சொல்லு? எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! அந்தச் சர்டிபிகேட்டை வாங்கு, இந்தத் தேதியில போய் நில்லு, பிள்ளை பேர் சொல்லத் தயங்குனா வீட்டுல கண்ணாடி முன்னால நிக்க வச்சுப் பழக்கு..."

பொய்யில்லை. சின்னப் பிள்ளைகளின் அம்மாமார் சேர்ந்து வைத்திருந்த அந்த வாட்ஸப் குரூப்பில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் எப்போது விண்ணப்பம் கொடுக்கிறார்கள், எந்த வேன் டிரைவர் நிதானமாக ஓட்டுவார், பிள்ளை சோறு இறங்காமல் வாயிலேயே வைத்திருந்தால் என்ன செய்வது, மாமியாரோடு ஒரே அடுக்களையில் எப்படிக் காலம் தள்ளுவது என்று எல்லாவற்றுக்கும் சுந்தரியிடம் பதில் இருந்தது. கிறிஸ்டியும் அப்படி அறிமுகமானவள்தான். அவள் வீடு பாவூர்சத்திரத்தில். கணவன் சாமுக்குக் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடை. அவளுக்குத் தென்காசியில் ஜவுளிக்கடை வேலை. மகன் ஜோயலைக் குற்றாலத்தில் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள்.

"இரு, இரு, கிறிஸ்டி, ஒரு நிமிஷம். ஆட்டோ வருது. அவங்கதான். இரு, வைக்காத, நான் அவங்களைக் கேக்குத கேள்வியை நீயும் கேளு."

ஆட்டோவிலிருந்து ஏழு பேர் இறங்கினார்கள். எல்லார் தலையிலும் எண்ணெய் வழிந்தது. ஒரு பெண் முன்னால் வந்து, நனைந்துபோய் நிற்கும் சுந்தரியை இரக்கத்தோடு பார்த்து, யாரைத் தேடி வந்திருக்கிறாள் என்று விசாரித்தாள்.

"கேட்டியா? கேட்டியா கிறிஸ்டி? யாரு வேணும்னு கேக்காவ! என் வீட்டு வாசல்ல நிக்கிற என்கிட்ட! ... அம்மா, நான் வீட்டுக்காரி. இந்த வீட்டுக்காரிம்மா நான்!"

பின்னாலிருந்து பெரியவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். முகமெல்லாம் மலர்ச்சியாக வந்து, முந்தாநாள் நடந்ததை அவரே சொன்னார். ஒரு ஆள் வந்து துருவித் துருவிக் கேட்டானாம். பிள்ளை பெயரெல்லாம் சொல்லி மடக்கப் பார்த்தானாம். அவர் அசையவே இல்லையாம். சொன்னபடி சொந்த வீடு என்றே சாதித்துவிட்டாராம். சொல்லிவிட்டு, ஒரு சபாஷுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இலஞ்சியிலிருந்து வரும் வழியெல்லாம் அவரை ஏசுவதற்குச் சுந்தரி அத்தனை வசவு சேர்த்துவைத்திருந்தாள். அந்த மனிதர் அவளுக்கு நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டிவிட்டுத் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கிறிஸ்டி, இருக்கியா? ... இல்ல. ஏசல. ஏச முடியல. சந்தோஷமா நிக்காரு மனுஷன். உள்ள வாம்மா, சூடா காப்பி தாரோம்னு கூப்பிடுதாரு. என் வீட்டுக்குள்ள, என் அடுப்புல, எனக்குக் காப்பி! ... கோட்டி பிடிச்சிரும் எனக்கு. ... சரி. சரி, நான் நிறுத்திட்டேன். நீ என்னமோ சொல்ல வந்த. சொல்லு. ... சொல்லு ஏட்டி. ... ம். ... ம்."

பெரியவர் வீட்டார் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். தெருவில் அவள் மட்டும் நின்றாள்.

"பள்ளிக்கூடத்துல இருந்து எப்ப போன் வந்துச்சு? ... காலையிலயா? நான் மேடம் ரூம்ல நிக்கும்போதேவா? ... அந்தச் சீட்டு ஜோயலுக்கா."

அடுத்த பெயர் என்று காலையில் சொன்னார்களே, அந்த அடுத்த பெயர் யாருடையது என்று கேட்கக்கூட அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. ஜோயலுக்காக அண்ணன் வீட்டு அட்ரஸைக் கொடுக்கும்படி கிறிஸ்டிக்குச் சொன்னது சுந்தரிதான். பொய் சொல்ல வேண்டுமா என்று கிறிஸ்டி தயங்கியபோது, பகலெல்லாம் பிள்ளை அங்கேதானே கிடக்கிறான், அது எப்படிப் பொய்யாகும் என்று அதட்டி எழுத வைத்ததும் சுந்தரிதான்.

"இருக்கேன். ... இருக்கேன்னு சொல்லுதேன்லா. ... நல்லா இருக்கு கிறிஸ்டி. ரொம்ப நல்லா இருக்கு. பள்ளிக்கூட மணி கேக்குத தூரத்துல இருக்கிற என் பிள்ளைக்கு இல்ல. ராத்திரி பாவூர்சத்திரத்துல போய்ப் படுக்குத பிள்ளைக்கு இருக்கு. ... நான் பேசல, என் வயித்தெரிச்சல் பேசுது. ... அழாத. நீ ஏன் அழுத? அழவேண்டியவ நான். ... என்ன கேக்க? நான் சொல்லிருவேனான்னா?"

அவள் பள்ளிக்கூடத்து மாடியைப் பார்த்தாள். சாரலில் மங்கலாகத் தெரிந்தது. நடந்தால் அஞ்சு நிமிஷம். ஆபீஸ் இன்னும் பூட்டியிருக்காது. ஒரே ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவள் செருப்பைக்கூட மாட்டிவிட்டாள்.

"சொன்னா என்னன்னு தோணத்தான் செய்யுது. ... ஆமா, தோணுது, பொய் சொல்ல மாட்டேன். ... ஆனா உன்னைக் கெடுத்தா எனக்கா வரப்போவுது? மூணாவதா எவளுக்கோ போவும். நமக்கு ரெண்டு பேருக்கும் இல்லாமப் போவும். ... வேண்டாம்னு சொல்லிரப்போறியா? ஏட்டி, கோட்டிக்காரி மாதிரிப் பேசாத! சாம்கிட்ட சொல்லியாச்சா? ... அவரு என்ன சொன்னாரு? ... ம். அவருக்கு உள்ள அறிவு உனக்கு இல்ல. ... பேசாத. மூக்கைச் சிந்து. சிந்திட்டு, நான் சொல்லுததைக் கேளு."

திறந்திருந்த ஜன்னல் வழியாகத் தன் வீட்டு உள்ளறையைப் பார்த்துக்கொண்டே சுந்தரி பேசினாள். சாத்தூர்க்காரர்களின் பைகள் அங்கே வரிசையாகக் கிடந்தன. ஆதினியின் சாமான்களையெல்லாம் அவளே மூட்டைகட்டிப் பின்னறையில் போட்டுப் பூட்டியிருந்தாள். சுவரில் பிள்ளை கிறுக்கியிருந்ததைக்கூட, சீசன் ஆட்கள் முகம் சுளிப்பார்கள் என்று சுண்ணாம்பு அடித்து மறைத்திருந்தாள்.

"வீடு பாக்க நாளைக்கு வருவாவ, இல்லன்னா மறுநாள். இன்னைக்கே அண்ணன் வீட்டுக்கு வந்துரு. கடைக்கு லீவு சொல்லு. ... லீவு போட்டா வேலை போவுமா? போனா வேற வேலை. ... ஆமா. ஜோயல் செருப்பு வாசல்ல கிடக்கணும். கழுவி அடுக்கி வைக்காத, அவன் எப்படிக் கழத்திப் போடுதானோ அப்படியே கிடக்கட்டும். அவன் சட்டை, ஜட்டி எல்லாம் கொடியில கிடக்கணும். ... காயாது, சாரல்ல எங்கன காயும், காயாட்டாலும் கிடக்கட்டும். பொம்மை ஒண்ணு ரெண்டு நடையில தட்டுப்படணும். ஒரு கிரையானைக் கொடுத்துச் சுவத்துல கிறுக்கச் சொல்லு. ... மதினி ஏசுவாவளா? ஏசட்டும். பிள்ளை வளருத வீட்டுச் சுவரு வெள்ளையா இருந்தா எவன் நம்புவான்? ... ஆமா. பிள்ளை இருக்கிற வீடுன்னு பாத்தாலே தெரியணும். கேட்டுத் தெரியக் கூடாது. ... கேக்குதா? யாரையும் பதில் சொல்ல விடாத. நீயே கதவைத் திற."

கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. உள்ளேயிருந்து பெரியவர் காப்பி டம்ளரை ஜன்னல் கம்பி வழியாக நீட்டினார். அவளுடைய டம்ளர்தான். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அவர் விடவில்லை. வாங்கிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல, காப்பி தாராவ. ... தேங்க்ஸ் சொல்லாத கிறிஸ்டி. சத்தியமாச் சொல்லுதேன், இப்ப நீ தேங்க்ஸ் சொன்னா நான் மனசு மாறிருவேன். ... ஆமா. ... ஆமா, கோவந்தான். உன் மேலயும்தான். போவும், ஆனா இன்னைக்குப் போவாது. ... இன்னொண்ணு. சீட்டு உறுதியானா எனக்குப் போன் பண்ணாத. ... பண்ணாதன்னா பண்ணாத. குரூப்ல போடு. எல்லாரும் வாழ்த்து போடுவாவ. அந்தக் கூட்டத்துல நானும் ஒண்ணு போட்டுருதேன், யாருக்கும் தெரியாது. ... இல்ல. ... இல்ல, கிறிஸ்டி, வைக்கேன். ... வைக்கேன்னு சொல்லுதேன்லா—"

அந்தப் பக்கம் மறுபடி அழுகை தொடங்குவதற்குள் சுந்தரி போனை அணைத்துவிட்டாள்.