இடது பக்கம் ஒரு வழி தெரிகிறது

காது கொடுப்பதையே வேலையாக ஏற்று இருபத்தொன்பது ஆண்டுகளை எங்களோடு கழித்தவரே, கேட்டல் சோதனை அறையின் பொறுப்பாளரே, குரல் குறியீட்டுப் பிரிவில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் காதக்கா ஆனவரே, வணக்கம்.

இம்மாதிரி மடல்களில் என்ன வரும் என்று இந்த அவையில் எல்லோருக்கும் தெரியும். பாதி வரி படித்தாலே மீதி தானாகக் காதில் விழுந்துவிடும். எங்கள் தயக்கமும் அதுதான். தெரிந்த வாக்கியத்தை யாரும் கேட்பதில்லை என்று எங்களுக்குக் காட்டியவர் நீங்கள். ஆகவே உங்கள் குணங்களை வரிசைப்படுத்தாமல், நடந்த ஒன்றைச் சொல்கிறோம்.

வந்திருக்கும் உங்கள் உறவினர்களுக்காக முதலில் நம் வேலையைச் சொல்ல வேண்டும். தொலைபேசிக் கம்பியில் ஒரு குரல் போவதற்கு நொடிக்கு அறுபத்து நாலாயிரம் பிட்டுகள் ஆகும். பிட் என்பது ஒன்று அல்லது சுழி, அவ்வளவுதான். மலைமேல் இருக்கும் சுகாதார நிலையங்களுக்குக் கம்பி கிடையாது. இருப்பது வானொலி அலை ஒன்று. அது நொடிக்கு ஆயிரத்து இருநூறு பிட்டுக்கு மேல் தாங்காது. அதனால் நம் பெட்டி குரலை அனுப்புவதில்லை. குரலைப் பற்றிய குறிப்பை அனுப்புகிறது. ஒரு நொடிப் பேச்சை ஐம்பது துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் தொண்டை எவ்வளவு வேகமாக அதிர்ந்தது, வாய் என்ன வடிவில் இருந்தது, சத்தம் எவ்வளவு என்பதை இருபத்து நாலு பிட்டில் எழுதி அனுப்பும். மறுமுனையில் உள்ள பெட்டி அந்தக் குறிப்பைப் படித்து, ஒரு குரலைப் புதிதாகச் செய்யும். செய்த குரல் புரிகிறதா என்று சொல்ல ஒரு காது வேண்டும். அந்தக் காது நீங்கள். அறையில் உங்களுடன் ஹெட்போன் மாட்டி மதிப்பெண் போட்ட மற்ற ஆறு பேர் நாங்கள்.

சோதனைக்கு முப்பது வாக்கியங்கள் இருந்தன. பதினொரு ஆண்டுகளாக அதே முப்பது. மென்பொருள் எழுதும் நம் நண்பரின் மூன்று வயது மகள் பன்னிரண்டாவது வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லித்தான் சாப்பிடுவாள். ஏழாவது வாக்கியம், ‘இடது பக்கம் ஒரு வழி தெரிகிறது.’ புதுப் பெட்டி வரும். நாங்கள் கேட்போம். ஐந்துக்கு நாலரை போடுவோம். தாளின் அடியில் நீங்கள் கையெழுத்திடுவீர்கள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் உங்கள் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. பேருந்து நடத்துநராக இருந்தவர். கூட்டத்தின் கடைசி ஆள் வரை எட்டிய குரல் அது. இரண்டு மாதத்தில் நன்றாகப் பேசத் தொடங்கிவிட்டார் என்று எங்களிடம் சந்தோஷமாகச் சொன்னீர்கள். அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டின்போது, டப்பாவைப் பார்த்தபடி சொன்னது இது:

“நேத்து பேச்சுப் பயிற்சி குடுக்க ஒரு பொண்ணு வந்துச்சு. இவர் தண்ணி கேக்குறாரு, அதுக்கு ஒண்ணும் புரியல. நான் எடுத்துச் சொன்னேன். கண்ணாடி கேட்டாரு, அதையும் நான்தான் சொன்னேன். கடைசியில அந்தப் பொண்ணு கேக்குது, ‘அம்மா, இப்ப பேசுறது அவரா, நீங்களா?’ன்னு.”

நீங்களே தொடர்ந்தீர்கள்.

“முப்பது வருஷமா அவர் என்ன கேப்பாருன்னு எனக்குத் தெரியும். நான்தான் நெரப்பிக்கிட்டு இருந்திருக்கேன்.”

அத்தோடு டப்பாவை மூடிவிட்டு எழுந்து பதிவறைக்குப் போனீர்கள். வாக்கியங்களை வாசிப்பவரைக் கூப்பிட்டு, ஏழாவதை மட்டும் மறுபடி பதிவு செய்யச் சொன்னீர்கள். ஒரே எழுத்து மாற்றம். வழி என்பது வலி ஆனது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் காலை ஆறு பேரும் கேட்டோம். ஆறு பேரும் ‘வழி’ என்று எழுதினோம். ஆறு பேரும் நாலரை போட்டோம்.

பிறகு தேநீர் கொண்டுவரும் அக்காவை உட்காரவைத்து, அவர் தலையில் ஹெட்போனை மாட்டினீர்கள். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

“வலியா வழியான்னு தெரியலக்கா. இடது பக்கம் என்னமோ இருக்கு. எதுக்கும் சீக்கிரம் போய்ப் பாருங்க.”

நாங்கள் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை.

“மேல இருந்து நர்ஸ் இதையே சொன்னா, கீழ டாக்டர் எத எழுதுவாரு?”

அந்த வெள்ளிக்கிழமை நாற்பது பெட்டிகள் மலைக்குப் போவதாக இருந்தன. அட்டைப் பெட்டியில் கட்டி, முகவரி ஒட்டி, வராந்தாவில் அடுக்கியாகிவிட்டது. மேடையில் இருக்கும் முன்னாள் தலைவர் எங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர் அன்று கேட்டதை நாங்கள் கதவுக்கு வெளியே நின்று கேட்டோம்.

“ஏம்மா, எல்லாம் கட்டி வச்ச பிறகா இதக் கிளப்புவீங்க? மார்க் ஷீட் பூரா உங்க கையெழுத்துதானே?”

“ஆமா சார். அதனாலதான் நான் சொல்ல வேண்டியிருக்கு.”

“இது உங்க பதவி உயர்வு பேசுற நேரம். யோசிச்சுக்கங்க.”

“யோசிச்சிட்டேன் சார். நல்லா இருக்குன்னு எழுதுனது பெட்டிய இல்ல. எங்க ஞாபக சக்திய.”

பதினொரு ஆண்டு மதிப்பெண்கள் செல்லாது என்று அன்று மாலையே கடிதம் கொடுத்தீர்கள். எங்கள் ஆறு பேரைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. உங்கள் கையெழுத்தைப் பற்றி மட்டும் இருந்தது. வராந்தாவிலிருந்த பெட்டிகள் மறுபடி உள்ளே வந்தன. உங்களுக்கு வரவேண்டிய துணைத் தலைவர் பதவி பக்கத்துப் பிரிவுக்குப் போனது. நீங்கள் அந்தப் பக்கம் போய் வாழ்த்திவிட்டு வந்தீர்கள்.

குறை எங்கே என்று கண்டுபிடிக்க ஏழு மாதம் ஆனது. வாய்க்குள் எழும் அதிர்வுகளில் மூன்றாவது, ழகரத்தில் கீழே இறங்கும், லகரத்தில் மேலேயே நிற்கும். நாங்கள் அந்த மூன்றாவதற்கு மிகக் கொஞ்சம் பிட்டுதான் கொடுத்திருந்தோம். சத்தத்துக்கான பங்கிலிருந்து இரண்டு பிட்டை எடுத்து அதற்குக் கொடுத்தோம். வலியும் வழியும் பிரிந்தன. இரண்டு பிட். அதற்குத்தான் அவ்வளவும்.

அன்று முதல் ஒரே வாக்கியத்தை ஒரே காதுக்கு இரண்டு முறை போடக் கூடாது என்பது அறையின் சட்டம். காலையில் வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு புது வாக்கியம் எழுதி, மேசைமேல் உள்ள பிஸ்கட் டின்னில் போட வேண்டும். ‘என் மாமனார் என் செருப்பைப் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போயிருக்கிறார்’ என்பதை யார் போட்டது என்று இன்றுவரை தெரியாது. மாமனார் உள்ள எல்லோரும் மறுக்கிறார்கள்.

போன வாரம் உங்கள் மேசையைக் காலி செய்ய உதவியபோது இழுப்பறையில் ஒரு தாள் கிடைத்தது. மலையிலிருந்து ஒரு செவிலியர் எழுதியது. தேதி நாலு ஆண்டுக்கு முந்தையது. ‘இடது பக்கம் வலி என்று சொன்னேன். டாக்டர் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. நோயாளி நலம்.’ இதை நீங்கள் எங்களுக்குக் காட்டியதே இல்லை. அனுமதி கேட்காமல் நகல் எடுத்துக்கொண்டோம். மன்னியுங்கள்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியாமல் செய்தோம். ஓய்வூதியத் தாள்களோடு நீங்கள் வெளியே போன காலையில், உங்கள் கணவரை ஆட்டோவில் பதிவறைக்கு அழைத்து வந்தோம். ஒரு வாக்கியம் மட்டும் கேட்டோம். என்ன என்று சொல்லித்தரவில்லை. மூன்று முறை பாதியில் நின்றார். நாலாவது முறை முழுதாகச் சொல்லிவிட்டு, பழைய பழக்கத்தில் “ரைட்” என்றார். பிறகு எங்களிடம் மெதுவாக, “இது அவகிட்ட நான் சொன்னதே இல்ல” என்றார்.

அதை ஆயிரத்து இருநூறு பிட்டில் நம் பெட்டி வழியாக அனுப்பி, நேற்று தேநீர் அக்காவுக்குப் போட்டோம். ஒரே தடவையில் எழுதிவிட்டார். எழுதிய தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனார். பேசியது உங்கள் கணவர்தான், நீங்கள் அல்ல என்பதற்கு எங்களிடம் இப்போது தாள் இருக்கிறது.

காதக்கா, உங்கள் உடலும் செவியும் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். தெரிந்த வாழ்த்துதான், இதை மட்டும் நீங்களே நிரப்பிக்கொள்ளலாம்.

அடுத்து வருவதை நிரப்ப முடியாது. இந்த மடலின் கடைசி வரியைக் காலியாக விட்டிருக்கிறோம். மடலுக்கு மரச்சட்டம் போட்ட கடையில், முன்பக்கக் கண்ணாடியை இப்போது பொருத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். பேனா உங்கள் வலது பக்கம் இருக்கிறது. ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள். ஒரு முறைதான் போடுவோம். கேட்டதை எழுதுங்கள்.

இப்படிக்கு,
இன்று மதிப்பெண் போடாத உங்கள் ஆறு பேரும்,
குரல் குறியீட்டுப் பிரிவினர் அனைவரும்

.................................................................