சொந்தச் சேகரிப்பிலிருந்து ஒரு மடக்குக்கத்தி

குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டால் வீட்டில் எதையும் முட்டிக்குக் கீழே வைக்க முடியாது, ஐயா. உங்களுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள், நான் சொல்லத் தேவையில்லை. என் பேரன் எட்டாம் மாதத்திலேயே நேராகத் தவழ்ந்து போய் என் அலமாரியின் கீழ் இழுப்பறையைப் பிடித்து ஆட்டினான். என் மனைவி அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இந்த வீட்டுல ஒண்ணு கத்தி இருக்கணும், இல்ல பேரன் இருக்கணும். நீங்களே முடிவு பண்ணுங்க" என்றாள். யோசிக்க ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அதற்காக இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

மொத்தம் அறுபத்து மூன்று மடக்குக்கத்திகள். முப்பது வருடம் தேடித் தேடிச் சேர்த்தவை. காய் நறுக்குகிற கத்தி என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் பழைய பட்டறைகளில் கையால் அடித்தவை. கொம்புப் பிடி, எலும்புப் பிடி, கருங்காலிப் பிடி, ஒவ்வொன்றுக்கும் தனித் துணிப்பை. வாரம் ஒருமுறை துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுவேன். அதற்குத் தையல் மிஷின் எண்ணெய்தான் சரி. என் தங்கையின் கணவர், மச்சான், தையல் மிஷின் மெக்கானிக் என்பதால் எனக்கு எண்ணெய்க்குப் பஞ்சமே வந்ததில்லை. அந்த மச்சான்தான் டிராயிங் வாத்தியார் கொலை வழக்கில் பதினோரு மாதமாக உள்ளே இருக்கிறார். இந்த வெள்ளிக்கிழமை அவருக்குத் தீர்ப்பு. அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

விளம்பரம் கொடுத்தேன். 'சொந்தச் சேகரிப்பிலிருந்து பாரம்பரிய மடக்குக்கத்திகள் விற்பனைக்கு. தகுதியுள்ளவர்கள் மட்டும் அணுகவும்.' ஏதோ வேலைக்கு ஆள் எடுக்கிறேன் என்று நினைத்து இரண்டு பட்டதாரிகள் சான்றிதழோடு வந்துவிட்டார்கள். மற்றவர்களிடம் நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்த்தேன். கத்தியைக் கையில் கொடுப்பேன். விரல் அலகில் படாமல் திறந்து, இரண்டு கையாலும் மெதுவாக மூடினால் அவருக்கு விற்பேன். ஒற்றைக் கையால் படக்கென்று மூடினால், இது ஏற்கெனவே ஒருவருக்குச் சொல்லி வைத்தது என்று அனுப்பிவிடுவேன். பெண் கொடுக்கிற மாதிரி பார்க்கிறீர்களே என்று மனைவி கேலி செய்தாள். எங்கள் பெண்ணைக் கொடுத்தபோது நான் இவ்வளவு பார்க்கவில்லை என்பதும் உண்மைதான்.

டிராயிங் வாத்தியார் இரண்டு கையாலும் மூடினார். அதில்தான் நான் ஏமாந்தேன். ஓய்வு பெற்றவர், சிரித்த முகம். பிடியைத் தடவிப் பார்த்து, "என்னா வேலைப்பாடுங்க" என்று நெகிழ்ந்து போனார். என்னிடம் இருந்ததிலேயே பழைய கத்தியை அவருக்குக் கொடுத்தேன். கொம்புப் பிடி. அலகின் அடியில், அதைச் செய்த பட்டறையின் முத்திரையாக ஒரு சின்னப் பறவை. அவர் வாங்கிக்கொண்டு போன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

விற்ற கத்தி எப்படி இருக்கிறது என்று ஆறு மாதம் கழித்து ஒருமுறை போய்ப் பார்ப்பேன். அதிகாரமெல்லாம் இல்லை, ஒரு மரியாதைக்குத்தான். சட்டைப்பையில் சின்னக் குப்பியில் எண்ணெயும் ஒரு துணியும் இருக்கும். விற்றது பதினேழு கத்தி. பதினாறு வீட்டில் டீ கொடுத்து, கத்தியைக் காட்டி, வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள்.

வாத்தியார் வீட்டுக்கு நான் போனபோது மதியம் மூன்று மணி. அவர் மனைவி வெளியூர் போயிருந்தார். இவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பெயின்ட் டப்பாவின் மூடியை நெம்பிக்கொண்டிருந்தார். எதை வைத்து என்று சொல்ல வேண்டியதில்லை. "வாங்க வாங்க, உங்க கத்தியச் சும்மா சொல்லக் கூடாது, எல்லாத்துக்கும் ஆகுது" என்றார். கையில் வாங்கிப் பார்த்தேன். நுனி ஒடிந்திருந்தது. முரட்டுச் சாணைக்கல்லில் போட்டுத் தேய்த்திருந்தார். பறவைக்குத் தலை போய்விட்டது, வால் மட்டும் இருந்தது.

"இப்படிப் பண்ணலாமாங்க?" என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள், அது சரிதான்.

"அட, கத்தின்னா வெட்டத்தானே. கண்ணாடிக்குள்ள வச்சுக் கும்பிடவா சொல்றீங்க?" என்று சிரித்துக்கொண்டே எழுந்து கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. "குடுங்க சார், அது என் கத்தி" என்று என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். இழுத்தது அவர், குத்தியது நான். அதை மறைக்க நான் இங்கே வரவில்லை. ஒருமுறை வயிற்றில், ஒருமுறை அதற்குக் கொஞ்சம் மேலே. இரண்டாவது முறை அவர் இழுக்கவில்லை.

அடுத்து நடந்ததைத்தான் உங்கள் ஆட்கள் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். இரத்தம் எஃகுக்கு ஆகாது, ஐயா. அதில் உப்பு இருக்கிறது. கால்மணி நேரம் விட்டால் கறை உள்ளே இறங்கிவிடும். அதனால் குழாயில் கழுவி, துடைத்து, அலகு மடங்குகிற மூட்டில் ஈரம் போகிறவரை ஊதி, எண்ணெய் விட்டேன். பிடியையும் துடைத்தேன். தடயத்தை அழித்ததாக எழுதி வைத்திருக்கிறீர்கள். முப்பது வருடமாக நான் அப்படித்தான் துடைக்கிறேன். எல்லாம் முடிய இருபது நிமிடம் ஆனது. அதில் பாதி நேரம் வாத்தியார் உயிரோடுதான் இருந்தார். தண்ணீர் கேட்டார். ஃபோன்கூட மேஜை மேலேயே இருந்தது. என் கையெல்லாம் எண்ணெய், தவிர எடுத்த வேலையைப் பாதியில் விடுவது எனக்குப் பிடிக்காது.

பிறகு துணிப்பையைத் தேடி எடுத்து, கத்தியை அதில் போட்டு, மேஜை மேல் வைத்துவிட்டு வந்தேன். கையோடு எடுத்து வந்திருக்கலாமே என்கிறீர்கள். அது விற்ற பொருள். எடுத்து வந்தால் திருட்டு. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

அந்த எண்ணெய்தான் மச்சானை மாட்டிவிட்டது. அன்று காலையில் அவர் அந்த வீட்டுத் தையல் மிஷினைப் பார்க்கப் போயிருக்கிறார். மிஷினைக் கெடுத்ததே நீதான் என்று வாத்தியார் சொல்ல, வாய்ச்சண்டையும் ஆகியிருக்கிறது. கத்தியில் மிஷின் எண்ணெய், மச்சான் பையிலும் அதே எண்ணெய். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அவரைத்தான் பிடித்திருப்பேன். தங்கை வாராவாரம் வந்து அழுதாள். "அண்ணே, அவரு ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காத மனுசன்ணே" என்பாள். "எனக்குத் தெரியும்மா" என்பேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே. அவளுக்கு நல்ல வக்கீல் தேடிக் கொடுத்தது நான். அவள் பிள்ளைகளைத் தினமும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவதும் நான். ஒரு அண்ணன் செய்ய வேண்டிய எதிலும் நான் குறை வைக்கவில்லை.

நேற்று கோர்ட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கத்தியைக் கொண்டுவந்தார்கள். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள், உள்ளே வியர்த்துப் போயிருந்தது. குமாஸ்தா அதை வெளியே எடுத்து, அலகைக் கட்டைவிரலால் தடவித் தடவி நீதிபதிக்குக் காட்டினார். மூட்டுக்குப் பக்கத்தில் சிவப்பாகத் துருப் புள்ளிகள். நான் பொருமிப் பொருமி அழுதுவிட்டேன். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு அவரு மேல இவ்வளவு பாசமாண்ணே" என்றாள். எனக்கும் மனசாட்சி இருக்கிறது, ஐயா. அதனால்தான் இன்று காலையில் பல் விளக்கியதும் முதல் வேலையாக இங்கே வந்தேன். கொன்றது நான். அவரை விட்டுவிடுங்கள். கத்தியை அந்த உறையிலிருந்து எடுத்து, நான் சொல்கிற மாதிரி எண்ணெய் போட்டு வையுங்கள். எழுதிக்கொண்டீர்களா?

என்ன சொன்னீர்கள்?

அப்படியா. இந்த நடைமுறையெல்லாம் எனக்குத் தெரியாது. நான் ஒப்புக்கொண்டால் வழக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும், கத்தி மூன்று வருடமோ நான்கு வருடமோ அந்த உறையிலேயே கிடக்கும். வெள்ளிக்கிழமை மச்சானுக்கே தண்டனை ஆகிவிட்டால், கொஞ்ச நாளில் வாத்தியார் மனைவியிடம் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். அந்த அம்மா அதை வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார். நான் போய்க் கேட்டால் கொடுத்துவிடுவார்.

அந்தத் தாளை இப்படிக் கொடுங்கள், ஐயா. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. தங்கையிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.